பதினெட்டு நடக்குது

எங்கள் ஊரில் பிள்ளைகளின் வயதை நிரம்பிய கணக்கில் சொல்வதில்லை. பதினேழு முடிந்த மறுநாளே 'பதினெட்டு நடக்குது' என்போம்.

பிறப்பு, இறப்பு, வெள்ளம், இராணுவச் சுற்றிவளைப்பு எல்லாவற்றையும் நாள் தவறாமல் கொப்பியில் எழுதுபவன் நான். பிறர் ஒருநாள் பிசகிச் சொன்னாலும் திருத்துவேன். பழுகாமத்து வயல் வட்டையில் வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில் என் மச்சானை ஒரு பையன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றான். பிறகு தன் சட்டையைக் கழற்றி இரத்தத்தை அடைக்கப் பார்த்தானாம். இடம்பெயர்ந்து ஓடியதில் அவனுடைய பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தது. பதினெட்டு நிரம்பாதவனுக்கு மரண தண்டனை இல்லை என்று யாரோ சொல்ல, அவனுடைய தாய் பொலிசாரை என்னிடம் கூட்டிவந்தாள்.

"அண்ணன், இவன்ட வயசு உங்கட கொப்பியில இருக்குமே, சொல்லுங்க."

இருந்தது. பதினெட்டு நிரம்ப ஐந்து மாதம் கிடந்தது. வாய்ப்பழக்கத்தில் "பதினெட்டு நடக்குது" என்றேன். தாய் நிம்மதியாகத் தலையாட்டினாள். பொலிசாரோடு வந்து மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் வெறுமனே 'பதினெட்டு' என்றார், சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். எனக்கு அந்தச் சிங்களச் சொல் தெரியும். மச்சானின் எட்டாம் நாள் சடங்குகூட ஆகியிருக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

அவனுக்குத் தூக்குத் தீர்ப்பானது. பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து, போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில், சுகமில்லாத தாய்க்குப் பதிலாக நான் அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது அவனுக்கு.

"ஆரு, கொப்பி அண்ணனா? என்ட சாவுத் திகதியையும் எழுதியாச்சா?" என்று சிரித்தான். வயலில் வேளாண்மை வெட்டியாயிற்றா என்று கேட்டான். பிறகு தணிந்த குரலில், "உங்கட மச்சான்ட புள்ளைகள் படிக்குதுகளா?"

மூத்தவள் பள்ளிக்கூடச் சோதனை எழுதுகிறாள் என்றேன். அதன்பின் என் பிழையைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணன். கோட்டுல வாசிக்கக்குள்ளயே விளங்கினது. செத்தது உங்கட மச்சான். நான் எந்த முகத்தோட உங்களக் கேக்கிற?" நான் எழும்பும்போது, "அம்மாக்கிட்ட சொல்லிராதங்க. எனக்குக் கடிதம் எழுத அவக்கு உங்கள விட்டா ஆளில்ல."

வயதைத் திருத்த மனுப் போடலாம் என்றார் சட்டத்தரணி. தாயும் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட வேண்டும். அதற்குமுன் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என் பிழையும் அதில் எழுதியிருந்தது. வேறு யாரையாவது வாசிக்க வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் நானே வாசித்தேன்.

"அவர் சிங்களத்தில சொல்லக்குள்ள நீங்க பக்கத்திலதானே நிண்டயள்" என்றாள். கைநாட்டு வைத்தாள்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மகனுக்குக் கடிதம் எழுத அவள் என்னிடம் வருவதுமில்லை.