பின்னால் வந்த கார்

ஆம்புலன்ஸில் நோயாளிக்குப் பக்கத்தில் அமர்ந்து வரும் மருத்துவ உதவியாளர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்த பிறகே பதில் சொல்வார்.

“சாப்டீங்களான்னு கேட்டாகூட இவரு யோசிப்பாரு லா,” என்று அவருடன் வேலை பார்க்கும் தாதி ஒருத்தி சிரித்தாள்.

எங்கள் ஊரான கூலாயிலிருந்து ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்கு என் மனைவியை ஏற்றிச் சென்றபோது உடனிருந்தவர் அவர்தான். அவள் வழியிலேயே இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். “கொடுத்து வச்ச சாவு சார்,” என்றார் ஒருவர். காரியங்கள் முடிந்தபின், ஒரு பிற்பகல் உதவியாளரைத் தேடிப் போனேன்.

“வழியில எங்க வீட்டுக்காரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?”

அன்று வெகுநேரம் துடைத்தார்.

“ஒன்னுதான் கேட்டாங்க சார். பின்னால உங்க கார் வருதான்னு. ஒட்டியே வருதும்மான்னு சொன்னேன். அப்புறம் கண்ண மூடிக்கிட்டாங்க.”

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் கார் அவர்கள் பின்னால் போகவில்லை. பதற்றத்தில், டோல் கட்டணம் கட்டும் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன்; நெடுஞ்சாலை நுழைவாயிலில், உயராத தடுப்புக்கட்டையின் முன் நின்றுகொண்டிருந்தேன்.

பின்சன்னல் வழியே வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டே அவளிடம் அப்படிச் சொன்னாரா, அல்லது கண்ணாடியைத் துடைத்த அந்த நேரத்தில் எனக்காகத்தான் அந்த வார்த்தைகளைத் தேடினாரா, தெரியவில்லை. மறுபடி போய்க் கேட்கலாம். கேட்டால், அவர் மீண்டும் கண்ணாடியைக் கழற்றுவார்.