பதினேழாம் நம்பர் மிஷின்

தெருவில் எல்லாருக்கும் அவர் மிஷின்காரர்தான். ஓட்டுப்பதிவு மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் வீட்டில் அவரோடு பேசுவது குக்கர் மட்டும்தான், அதுவும் மூன்று விசிலோடு வாயை மூடிக்கொள்ளும்.

தேர்தல் வந்தால் கிடங்கில் ஒரே கூத்து. புது மிஷின்கள் பங்களாத் தெருக்களுக்குப் போகும், ஓட்டை உடைசலையெல்லாம் கீழ்த்தெருக்களின் தலையில் கட்டுவார்கள். மிஷின்காரர் குடியிருப்பதும் கீழ்த்தெருவில்தான்.

“எங்க பக்கத்துக்கும் ஒண்ணு புதுசா குடுத்தா என்ன சார்?” என்று இந்தத் தடவையும் கேட்டுப் பார்த்தார்.

“உங்க கை இருக்கிற வரைக்கும் பழசு ஓடும்ங்க. அப்புறம் எதுக்குப் புதுசு?” என்று அதிகாரி தோளில் தட்டினார்.

அந்த ஒரு தட்டலுக்கு மனுஷன் குளிர்ந்துபோனார். வெட்கக்கேடுதான், ஆனாலும் அவரைப் பாராட்ட வேறு யார் இருந்தார்கள்? பதினேழாம் நம்பரில் ஒரு பட்டன் அழுத்தினால் எழும்பாது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி அடியில் செருகினார், எழும்பியது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டார்.

ஓட்டுப்பதிவு அன்று காலை அந்தப் பதினேழு அவருடைய சாவடிக்கே வந்திருந்தது. நாற்பது ஓட்டு விழுவதற்குள் மக்கர் பண்ணியது. வரிசை அப்படியே நின்றது. தான் ஓட்டுப் போடுகிற சாவடியில் மிஷின்காரர் மிஷினைத் தொடக் கூடாது என்பது விதி. இன்னொரு மிஷின்காரர் வரவேண்டும், அவரோ பங்களாத் தெருவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவள் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க பாக்குற மிஷின்தானே? கொஞ்சம் தொட்டு விடக் கூடாதா? ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டைப் பூட்டிடுவாங்க.”

“எனக்கு அனுமதி இல்லம்மா. இப்ப ஆள் வந்துடும்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னாங்க” என்று வாட்சைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளோடு பதினெட்டுப் பேர் போனார்கள். மிஷின்காரர் எண்ணிக்கொண்டுதான் நின்றார்.

ஆள் வந்து சரிசெய்தபோது மணி பத்தே முக்கால். மிஷினின் பக்கவாட்டில் அந்தப் பச்சைச் சீட்டு, அதில் தன் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் ஓட்டுப் போட்டார். யாரைத் திட்டுவது? திட்டவேண்டிய ஆள் அவரே.

எழுத்தில் புகார் வந்தால் மிஷினைக் கழித்தே ஆகவேண்டும். ஓட்டுப் போடாமல் திரும்பிய ஒருவர் அதில் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, காலையில் திரும்பிப் போனவளின் வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் இரண்டு வருஷமாக அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. இரண்டு தடவை கையைத் தூக்கி, இரண்டு தடவையும் இறக்கிவிட்டு, அப்புறம்தான் தட்டினார்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். ‘தவறாகச் சான்று கொடுத்தவர்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“இது உங்க பேருல்ல?”

“ஆமாம்மா.”

“வேலை போயிடுமேண்ணே.”

“போகலாம். அடுத்த தடவையும் நாம இதே வரிசையிலதானே நிக்கணும்.”

அவள் பேனாவை வாங்கினாள், உடனே போடவில்லை.

“இவ்வளவு பெரிய காரியம். வீட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அதான்மா, உன்கிட்ட வந்தேன்” என்றார் மிஷின்காரர்.