மாலைதீவுக்கு ஒரு சொட்டு

அந்த யோசனை வந்தபோது என் கையில் உறைந்துபோன பருப்புக்கறி இருந்தது. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பருப்பு. எங்கள் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டிகளில் ஐஸ்கிறீமைக் கண்டவர் எவருமில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று சமைத்து, ஆறவைத்து, பெட்டி பெட்டியாக ஃப்ரீசருக்குள் அடுக்கிவிடுவார். மற்ற நாட்களில் அவருக்கும் அண்ணைக்கும் வேலை, எனக்குப் பல்கலைக்கழகம். யார் எப்போது பசியோடு வருகிறாரோ, அவர் ஒரு பெட்டியை எடுத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று என்னோடு மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் என் வகுப்புத் தோழி. மாலைதீவுக்காரி. சின்ன வயதில் படிப்புக்காகக் கொழும்பில் இருந்தவள்; பக்கத்து வீட்டாரிடம் பிடித்த கொழும்புத் தமிழ் இன்னும் நாக்கில் இருக்கிறது. வரும்போதே முகம் சரியில்லை. அவளுடைய படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கும் இடத்தின் அதிகாரி, காலநிலை மாநாட்டுக்காக மொன்றியலுக்கு வரப்போகிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யவேண்டிய இறுதியாண்டுச் செயல்திட்டம் அவளுடைய நாட்டுக்குப் பயன்படுவது என்று அவரை நம்பவைக்க வேண்டும். அவர் நம்பாவிட்டால் பொறியியல் முடிந்தது. ஹோட்டல் நிர்வாகத்துக்கு மாற்றிவிடுவார்கள். தலையணைக்கு உறை போடவே எரிச்சல்படுகிறவள் அவள்.

நான் பெட்டியை மைக்ரோவேவுக்குள் வைக்கப் போனேன்.

"உங்கட வீட்ல சமைக்கிற நாள் வேற, சாப்பிடுற நாள் வேற தானே," என்றாள்.

நான் அப்படியே நின்றேன். அவளுடைய தீவில் உச்சிவெயில் நேரத்தில் ஆட்கள் கடலிலோ நிழலிலோ இருப்பார்கள், மின்சாரம் அவ்வளவாகத் தேவையில்லை. பொழுதுபட்டால்தான் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி எல்லாம். அதற்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்குக் கப்பலில் வரும் டீசல். வெயில் சமைக்கிற நேரம் வேறு, ஊர் பசிக்கிற நேரம் வேறு. இடையில் ஒரு ஃப்ரீசர்தான் இல்லை.

"ஹைட்ரஜன்!" என்று கத்தினேன். "பகல்ல வெயிலால தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து வைக்கிறம். இரவில அதைத் திருப்பி ஒட்சிசனோட சேர்த்துக் கரண்ட் எடுக்கிறம்."

"முதல்ல பருப்பைச் சூடாக்கடி," என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

பேராசிரியர் ஒருவர் தன் அலுமாரியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு மின்கலத் தட்டை இரவல் தந்தார். விளக்கைச் சூரியனாக நினைத்து, அதோடு இணைத்த சூரியப் பலகைக்குப் பிடித்தால், தட்டு தண்ணீரைப் பிரிக்கும். இரண்டு சின்னக் குழாய்களில் குமிழிகள் ஏறும். விளக்கை அணைத்தால், அதே தட்டு இரண்டு வாயுக்களையும் மறுபடி சேர்த்து, விரல் நீள விசிறி ஒன்றைச் சுற்றவைக்கும். அந்த விசிறி எங்கள் வீட்டில் முதல் தடவை சுற்றியபோது நாங்கள் இருவரும் துள்ளியதில் கீழ்வீட்டுப் பிரெஞ்சு மதாம் விளக்குமாற்றால் தன் கூரையில் இடித்தார்.

"இதுக்கே உந்தக் கூத்து?" என்றார் அண்ணை. "ஒரு பற்றறி வாங்கி வைச்சா வேலை முடிஞ்சுது."

"ஒரு இரவுக்குப் பற்றறி காணும் அண்ணை. ஒரு கிழமையா மழை மூடிக்கொண்டு நிண்டா?"

"நிண்டா அதிகாரியிட்டச் சொல்லு, எங்கட அம்மா பருப்பு அனுப்புவா எண்டு."

ஒரே ஒரு குறைதான் இருந்தது. விசிறி சுற்றும்போது தட்டின் அடிக்குழாய் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து தொங்கும். ஒழுக்கு என்று நினைத்தேன். குழாயை இறுக்கினேன், பசைப்பட்டி சுற்றினேன். பிறகும் தொங்கியது. சரி போகட்டும் என்று, ஒவ்வொரு ஒத்திகையிலும் அது விழுவதற்கு முன் டிஷ்யூவால் ஒற்றியெடுத்துவிடுவேன். பார்க்கிறவருக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டாமா?

அதிகாரி வந்த நாளில் பனி கொட்டியது. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, முழங்காலுக்குக் கீழே வந்தது. ஆய்வுகூடத்தில் அதைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தோழி பேசினாள், நான் விளக்கைப் பிடித்தேன். குமிழி ஏறியது, விசிறி சுற்றியது. ஃப்ரீசர் உவமையையும் சொன்னோம். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் இருந்த வடித்த நீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். நான் அன்று காலை மெத்ரோ வாசலில் இருந்த மருந்துக்கடையில் வாங்கியது.

"இது எங்கிருந்து வரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் தீவில் குடிப்பது கூரையில் விழும் மழைநீர். அதைப் பிரித்து விளக்கு எரிக்கச் சொல்கிறீர்களா?"

ஆறு சுற்றி ஓடும் ஊரில் உட்கார்ந்து திட்டம் போட்டவளுக்குத் தண்ணீர் என்பது போத்தலில் கிடைப்பதுதானே. தோழியின் முகத்தில் ஹோட்டல் படுக்கைகள் வரிசையாக விரிவதை நான் பார்த்தேன். கடல்நீரைச் சுத்திகரிக்கலாம் என்று தொடங்கினாள். அதற்கும் மின்சாரம் வேண்டுமே என்றார் அவர். நியாயமான கேள்வி. செய்வதறியாமல் என் கை பழக்கத்தில் டிஷ்யூவோடு குழாய் நுனிக்குப் போனது.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதடி."

சொட்டு பருத்தது. மேசைமேல் விழுந்தது.

"இது தண்ணி தானே," என்றாள் என்னிடம், மெல்ல. "பிரிச்சதைச் சேர்த்தா தண்ணி தானே வரும். நீ அதைத் துடைச்சுத் துடைச்சு எறியிற!"

சமன்பாட்டைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எழுதி வருகிறேன். அது என் முன்னால் சொட்டாகத் தொங்கியபோது பசைப்பட்டி தேடியிருக்கிறேன்.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி, எடுத்த தண்ணீர் திரும்பி வருகிறது என்றாள். அவர் குனிந்து பார்த்தார். ஒழுக்காகவும் இருக்கலாமே என்றார்.

"நானும் இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்தேன்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே விசிறியின் கம்பியைக் கழற்றினேன், நுனியைத் துடைத்தேன். மூவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுக்கென்றால் இப்போதும் சொட்ட வேண்டும்; நுனி உலர்ந்தே கிடந்தது. கம்பியை மறுபடி பூட்டினேன். விசிறி சுற்றத் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்து, நுனியில் மினுங்கிக்கொண்டு ஒன்று வந்தது.

அப்போதுதான் அவர் கோட்டைக் கழற்றினார்.

"எவ்வளவு திரும்பி வருகிறது?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "ஒரு கோப்பைத் தேநீருக்கு வருமா? வசந்தத்தில் மறுபடி இங்கே வருகிறேன். அளந்து காட்டுங்கள். அதுவரை நான் ஹோட்டல் பற்றிப் பேசமாட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிதான். கிணற்றில் உப்புத்தண்ணீர், குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில் வரும்.

"பவுசருக்கு வாளியோட ஓடினவளின்ர மகள் தண்ணியை மறந்திட்டாள்!"

"நான் மொன்றியல் பிள்ளையம்மா."

"ஓமோம். டிஷ்யூவோட திரியிற பிள்ளை."

இப்போது வேலை தலைக்குமேல். பேராசிரியர் பெரிய தட்டுகளை அடுக்கிய கருவி ஒன்றைப் பெற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெயில் நன்றாக விழுகிறதே என்று பெல்கனியில் வைக்கச் சொன்னார் அண்ணை. இந்தக் குளிரில் வைத்தால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். அதனால் ஆய்வுகூடத்தின் தெற்கு யன்னலைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். தண்ணீரை அம்மாவின் சமையல் தராசில் நிறுத்து ஊற்றுவோம். திரும்பி வரும் ஒவ்வொரு சொட்டையும் கழுவித் துடைத்த ஐஸ்கிறீம் பெட்டியில் பிடித்து மறுபடி நிறுப்போம். குறைவது எவ்வளவு, அது எந்த மூட்டால் தப்பிப் போகிறது என்று தேடுவோம். நாளைக்குத் தீவின் படகுகளையும் இதே ஹைட்ரஜனில் ஓட்டினால் சொட்டு கடலுக்குத்தான் போகும். அதற்கு வழியைப் பிறகு பார்ப்போம் என்கிறாள் தோழி.

கோப்பை நிறைந்தால் அதிகாரிக்கு முன்னாலேயே கேத்திலைப் போடுவதாக இருக்கிறோம். தேயிலை அவள் கொண்டுவருவாள். டிஷ்யூவை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று எனக்கு உத்தரவு.