மோசஸின் சட்டைப்பையில் இருக்கும் சாவி

அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டார் ஒருவர் வாசிப்பது நம் வழக்கம். பிறந்த ஊர், படிப்பு, வேலை, பிள்ளைகள், கடைசி வியாதி. முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்வீர்கள். நம் சபைத் தலைவர் செல்வராஜ் அதைத் தானே எழுதி வாசிப்பதாகச் சொன்னார். "ரெண்டு நிமிஷம் போதும் அக்கா, நீங்க ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க" என்றார். வேண்டாம் என்றேன். மகள் ஃபெபிக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் மோசஸின் மனைவியாகிய நானே வாசிக்கிறேன்.

மோசஸ் பாளையங்கோட்டையில் பிறந்தார். கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு, தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றுக்காக டெக்சாஸில் இந்த ரிச்சர்ட்சனுக்கு வந்தார். கம்பெனி மூடியது. அடுத்ததும் மூடியது. ஊர் மட்டும் அவரை விடவில்லை.

நம் சபை தொடங்கியபோது, ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தை ஞாயிறு மதியங்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். அவர்கள் கொடுத்தது ஒரே சாவி. அதை யார் வைத்துக்கொள்வது என்று பொதுக்குழுவில் கேட்டபோது, மோசஸ் என்று எல்லாரும் கை தூக்கினீர்கள். செல்வராஜும் தூக்கினார். அன்றிலிருந்து மோசஸ் முதலில் வந்து கதவைத் திறந்து ஏசி போடுவார். சாப்பாட்டு மேஜைகளைத் துடைத்து மடக்கிவிட்டுக் கடைசியாகப் போவார்.

ஓய்வு பெற்றதும் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். "இந்த வயசுல எதுக்கு அங்கிள்?" என்று கேட்ட பையன்களிடம், "ஸ்டாக் மார்க்கெட் பார்த்தா பிரஷர் ஏறுதுப்பா. செத்த ராஜாக்களைப் பார்த்தா ஏறல" என்றார்.

பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கப் பனியில் உறைந்து கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். நம் கட்டடத்தில் மட்டும் கரண்ட் இருந்தது. மோசஸ் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்தார். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அன்று பிள்ளைகளோடு அந்தத் தரையில்தான் தூங்கினீர்கள். ரசமும் சோறும் அங்கேயே ஆனது.

பனி உருகிய ஞாயிறு, பார்க்கிங் லாட்டில் செல்வராஜ் அவரை நிறுத்தினார். நான் காரில் இருந்தேன்.

"அண்ணே, சாவியைக் குடுத்துருங்க. கமிட்டியைக் கேக்காம திறந்துட்டீங்க. கார்ப்பெட் பூரா ரசம். ஏதாவது ஆயிருந்தா லயபிலிட்டி யாரு?"

"கைக்குழந்தை குளிர்ல விறைச்சிருந்தா, அதுக்கு லயபிலிட்டி யாருப்பா?"

"பேச்சு வேண்டாம். பிரசிடென்ட் கேக்குறேன்."

"நீ குடுத்த சாவி இல்லையே செல்வராஜ். சபை குடுத்தது. சபையைக் கூட்டு. அவங்க கேட்டா இப்பவே தர்றேன்."

காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "யூனிஸ், இதை எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டார்!"

அந்த ஒருத்தர் ரால்ஃப் நெவில். இங்கிலாந்தில் சிச்செஸ்டர் நகரத்து பிஷப், மூன்றாம் ஹென்றி மன்னரின் சான்சலர். அரச முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் மன்னர் அதைத் திருப்பிக் கேட்டார். நாட்டின் சபை கூடிக் கொடுத்ததை, அந்தச் சபை சொல்லாமல் தர முடியாது என்றார் நெவில். இரண்டு வருடம் கழித்து மன்னர் அதைப் பிடுங்கிக்கொண்டார். மோசஸ் கடைசிக் கட்டுரை எழுதியது இவரைப் பற்றித்தான். அதன்பின் எங்கள் வீட்டில் செல்வராஜுக்கு ஹென்றி ராஜா என்று பெயர். "இன்னைக்கு ராஜா கோபமா? பிரியாணி ரெண்டாம் தரம் வாங்கலையே!" என்பார்.

செல்வராஜ் சபையைக் கூட்டவில்லை. கட்டடத்து ஆபீசுக்குப் போய், மோசஸ் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று சொல்லிப் பூட்டை மாற்றவைத்தார். இதை அந்த ஆபீஸ் அம்மாவே பிறகு எங்களிடம் சொன்னார்.

ஆனால் பூட்டு மாறியபின் வந்த ஞாயிறன்று எங்களுக்கு எதுவும் தெரியாது. மோசஸ் கதவில் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளோடு நீங்கள் நின்றீர்கள். செல்வராஜ் புதுச் சாவியோடு வந்தார். "வயசாகுதுல்ல அண்ணே. தொலைச்சுட்டு, வேற எதையோ போட்டுத் திருகுறீங்க!"

சிலர் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "பொதுக்குழுவுல சொல்றேன்" என்பார். அந்தக் கூட்டம் கூடவே இல்லை. தொலைத்தவர் என்ற பெயரோடு, ஞாயிறு தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். போன வாரம் அவர் இதயம் நின்றது.

புதன்கிழமை செல்வராஜ் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நான் ஒரு சாவியை அண்ணன் பெட்டியில வைக்கிறேன். ப்ரோகிராம்ல போட்டுட்டேன். எல்லாருக்கும் டச்சிங்கா இருக்கும்."

ஃபெபி, "ஓ மை காட், நோ" என்று எழுந்து போனாள். நான் காபி கொடுத்து அனுப்பினேன். மன்னிப்பைப் பற்றி எனக்கு வசனம் அனுப்பிய சகோதரிகளுக்கு: வந்து சேர்ந்தது.

பிடுங்கிய முத்திரையை ஹென்றி பின்னாளில் திருப்பிக் கொடுக்க வந்தாராம். நெவில் வாங்கிக்கொள்ளவில்லை என்கிறார்கள். மோசஸுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தொலைந்ததாக நீங்கள் நம்பிய சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். பாதி வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன். பெட்டி திறந்திருக்கிறது. கடைசியாக முகம் பார்க்க வருகிறவர்கள் அதையும் பாருங்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுங்கள்.

செல்வராஜ், நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நீங்கள். எழுந்திருக்க வேண்டாம். சபை முழுவதும் இன்று கூடியிருக்கிறது. மோசஸ் கேட்ட கூட்டம் இதுதான். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே உட்காருங்கள். அப்புறம் வாருங்கள், வெறுங்கையோடு.