ஆயில் ஊத்திக்கோ

பணிமனையில் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர். இருபத்திரண்டு வருடம் வேன்களுக்கு அடியிலேயே கிடந்த மனுஷன். அந்தப் பெயரால் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது. மனைவியின் தம்பியை அங்கே டிரைவராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அந்த வேன்களில் பிரேக் மிதிக்கிற காலுக்குப் பலம் தருவது ஸ்டீயரிங் பம்ப். அது தள்ளும் எண்ணெயின் அழுத்தம் பூஸ்டருக்குள் போய்க் காலோடு சேர்ந்து அழுத்தும். எஞ்சின் நின்றுபோனாலும் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும்படி ஒரு சின்ன உருளை அழுத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே பிரேக் மிதி கல்லாக இறுகினால் முதலில் ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பிரேக் டப்பாவில் இருப்பது வேறு சரக்கு. ஸ்டீயரிங் எண்ணெய் அதில் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவர், பேச்சில் மட்டும் இரண்டையும் 'ஆயில்' என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவருக்கென்ன வந்தது?

ஒரு மத்தியானம் மைத்துனன் போன் செய்தான். வண்டியைத் திருப்பும்போது பிரேக் இறுகுகிறதாம், உஸ்ஸென்று சத்தமாம். வாத்தியார் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்திக்கோ."

வண்டியில் இருந்தது ஸ்டீயரிங் எண்ணெய் டின். கோளாறு பிரேக்கில். அவன் பிரேக் டப்பாவில் ஊற்றினான். இரண்டாம் நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி சுவரில் போய் மோதியது. அவனுடைய வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது.

விசாரணையில் ஊன்றுகோலோடு நின்றவனிடம், யார் சொல்லி ஊற்றினாய் என்று மேலாளர் கேட்டார். அவன் வாத்தியாரை ஒருமுறை பார்த்தான். தானாகத்தான் ஊற்றியதாகச் சொன்னான். ஒரு டிரைவருக்கு இதுகூடத் தெரியாதா என்று மேலாளர் வாத்தியார் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வேலை தப்பியிருக்கும். அந்தக் கோழை மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரிஞ்சிருக்கணும் சார்."

வேலை போயிற்று. வெளியே நடைவழியில் அவன் தோளைப் பிடிக்கப் போனார். அவன் விலகவுமில்லை, கோபப்படவுமில்லை.

"அக்காகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடாதீங்க மாமா. தெரிஞ்சா உங்க வீட்டுல ஒரு நாள்கூட இருக்க மாட்டா. இந்தக் கால வச்சிக்கிட்டு இனிமே நானும் அங்கதான இருந்தாகணும்."