ஓர் அறை கேட்டு அம்மாளிடம் போனேன்

நயினை அம்மாளை நம்பி வாழுகிற உங்களுக்கு நான் சொல்லப்போவது இனிப்பான கதை இல்லை. அவ எனக்கு உதவினவ. அதை எங்கே நின்றும் சொல்லுவேன். ஆனால் அந்த உதவி வருவதற்கு முன் நான் கண்ட மனிதர்களைச் சொல்லாமல் விட்டால், சொன்னதில் பாதி பொய்யாகிவிடும்.

நான் புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சீதனமாக எனக்கு வந்த தாய்வீடு பெரியது. நீட்டு விறாந்தை, நடுவில் மண்டபம், சுற்றிவர அறைகள், பின்னால் சமையலுக்குத் தனியாகக் குசினி. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையும் கதவும் இல்லாமல் நின்ற வீட்டை என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எடுத்தார். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கென்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. லண்டனில் இருக்கிற என் தம்பி, விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தால் எங்களிடம்தான் நிற்பான். அவனுக்காகத்தான் அந்த அறைகளைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தோம். பிறகு அவன் நல்லூர்ப் பக்கம் சொந்தமாக மாடிவீடு கட்டினான். அதோடு தீவுக்கு வருவது குறைந்துபோனது.

போன வருடத்துக்கு முதல் வருடம் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதென்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடியவே பஸ் ஏறுவோம். சோளகக் காற்று எழும்பினால் தீவையும் வேலணையையும் இணைக்கிற வாணர் பாலத்தில் கடல் தண்ணீர் பஸ் யன்னலுக்குள்ளே தெறிக்கும். திரும்பி வரும்போது இவருக்குத் தலை நிமிராது. ஒருநாள் வேலணைச் சந்தி வரமுன்னமே சத்தி எடுத்து மயங்கிவிட்டார். தெருவோரத்துப் பூவரசு நிழலில் இறக்கிக் கிடத்தினார்கள். பஸ் போய்விட்டது. நான் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது வைத்தியர் சொன்னார், இப்படி அலைந்தால் சிறுநீரக வருத்தத்துக்கு முன்னம் பயணமே ஆளைக் கொன்றுவிடும் என்று.

அன்றைக்கே முடிவெடுத்தோம். வீட்டை விற்பது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இரண்டு அறையோடு ஏதாவது எடுப்பது. பிரான்சில் இருக்கிற எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று, திருவிழாவுக்கு வந்து நிற்க என்று எங்கள் வீட்டை வாங்கியது. ஆனித் திருவிழாவுக்கு முன் வீட்டுத் திறப்பைக் கொடுத்து வெளியேற வேண்டும் என்பது பேச்சு. பெரிய வீட்டை விட்டுக் கொடுப்பதுதான் கஷ்டம், சின்ன வீடு எப்படியும் அகப்படும் என்று நினைத்தோம். அது எங்கள் அறியாமை.

கோண்டாவிலில் ஒரு சின்னக் கல்வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் தேத்தண்ணி தந்து, உங்களுக்குத்தான் என்று வாயால் சொன்னார். அடுத்த கிழமை போனால், கனடாவில் இருந்து ஒருவர் வீட்டைப் பார்க்காமலே கூடுதலாகச் சொல்லிவிட்டாராம். பிறகு பார்த்த இரண்டும் அப்படியே. தரகர் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழியிலேயே தொலைபேசியில் வீடு கைமாறிவிடும். ஊரிலே இருக்கிறவர்களுக்கு வாங்க ஊரிலே வீடு இல்லை.

சரி, வாடகைக்குப் பார்ப்போம் என்றால் அங்கும் போட்டி. பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியில் மாணவர்களுக்குத்தான் கொடுப்போம் என்றார்கள், ஓர் அறைக்குள் நாலு பேரை விடலாமல்லவா. கொக்குவிலில் ஒரு பெண் வீடு முழுவதையும் காட்டினா. உடுப்புக் காயப்போடும் கொடியைக்கூடக் காட்டினா. அதன் பிறகுதான் இவருடைய கையில் ஊசி ஏற்றிய இடத்துக் கட்டைக் கண்டு, என்ன வருத்தம் என்று கேட்டா. நான் மறைக்கவில்லை. உள்ளே போய்விட்டு வந்தா.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. வருத்தக்காரரை வைச்சிருக்க ஏலாது. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. ஒண்டு நடந்திட்டால் பிறகு ஆரும் வாடகைக்கு வராயினம்."

இவர் படலையடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகுதான் சொன்னார்: "இனிமேல் வீடு பாக்கப் போகேக்க என்னைக் கூட்டிக்கொண்டு போகாதையும்."

நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனுடைய மாடிவீடு பூட்டிக் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருதரம் ஆள் வந்து முற்றம் கூட்டிவிட்டுப் போகிறது. கீழே ஓர் அறை போதும், சமையலைக்கூடப் பின்னுக்கு வைத்துக்கொள்வேன் என்று கேட்டேன். இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில், மழைக்குள் இவர் வெளியே படுத்து, உள்ளே அவனுக்கு இடம் விட்டவர். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவனுக்கே நினைவிருக்கும் என்று நம்பினேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சொன்னான்: "அக்கா, மகளின்ர கலியாணத்தை அந்த வீட்டிலதான் செய்யிறதெண்டு இருக்கிறம். அத்தானுக்கு அங்க ஏதும் நடந்திட்டால் சரியில்லை. நீ விளங்கிக்கொள்."

விளங்கிக்கொண்டேன். தொலைபேசியை வைத்துவிட்டேன். என் கணவர் இன்னும் உயிரோடு என் முன்னால் இருந்து மாத்திரை விழுங்குகிறார். மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பிணமாகவே பார்த்துவிட்டார்கள். திறப்புக் கொடுக்கிற நாளும் கிட்ட வந்துகொண்டிருந்தது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்ணை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டுக் குறிகட்டுவான் துறைக்குப் போய் நயினை அம்மாள் கோயிலுக்கு வள்ளம் ஏறினேன். வழமையாக அம்மாளுக்கு மாலை கொண்டுபோவேன். அன்றைக்குக் கொண்டுபோகவில்லை. கும்பிடப் போனேன் என்று சொல்லவும் முடியாது. சண்டைக்குத்தான் போனேன். பூசை முடிந்து சனம் கலைந்த பிறகும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டே சொன்னேன்: "நான் உன்னட்டை உயிர் கேக்கேல்லை. அந்த மனுசன் படுக்க ஓர் அறை கேக்கிறன். அதுவும் இல்லையெண்டால் இனி இஞ்ச வரமாட்டன்."

அழுகை வந்தது. அங்கேயே இருந்துவிட்டேன். அப்போது பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் வந்து இருந்து, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் சுகந்தி, யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறவ. முன்பின் தெரியாத ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொக்குவில் பெண் சொன்னதையும் தம்பி சொன்னதையும்கூட விடவில்லை.

பிறகு அவ தன்னுடைய கதையைச் சொன்னா. கல்வியங்காட்டில் அவவின் வீட்டு வளவுக்குள் பின்பக்கமாக ஒரு சின்ன வீடு. அறை ஒன்று, குசினி ஒன்று, சின்ன விறாந்தை. தாய் பாயோடு கிடந்து அங்கேதான் போய்ச் சேர்ந்தவ. தாயின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் முடிந்து அன்றைக்குத்தான் முதன்முதல் கோயிலுக்கு வந்திருக்கிறா. வங்கியில் வேலைசெய்கிறவர்களும் மாணவர்களும் அந்த வீட்டைக் கேட்டபடிதான் இருக்கிறார்களாம்.

"ஆருக்குக் குடுக்கிறதெண்டு அம்மாளைக் கேக்கத்தான் வந்தனான்," என்றா. "நீங்கள் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நான் திரும்பவும் சொன்னேன், அவருக்குக் கடுமையான வருத்தம், எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று. பிறகு தெரிந்து அவ மனம் மாறுவதை என்னால் தாங்க முடியாது.

"ஓம் அக்கா, விளங்குது. என்ர அம்மாவும் அந்த அறையிலதான் போனவ. எனக்கு அந்த அறையில பயமில்லை."

அடியார்களே, நான் சந்நிதியைத் திரும்பிப் பார்த்தேன்.

பெரிய வீட்டில் இருந்து சின்ன வீட்டுக்குப் போவது ஒரு சிறிய லொறியோடு முடிந்தது. என் அம்மாவின் தேக்கு அலுமாரி சின்ன வீட்டு வாசலுக்குள் போகாது என்று அளந்து பார்த்துப் பழைய வீட்டிலேயே விட்டோம். ஒரு கட்டில், கதிரை இரண்டு, சட்டிபானை, சாமிப்படம். இவர் விறாந்தையில் இருந்து ஓட்டோ ஏறினால் ஆஸ்பத்திரி கிட்ட. போய்விட்டு வந்து படுத்து நித்திரை கொள்ளுவார். முகத்தில் பழைய சிரிப்புக்கூடக் கொஞ்சம் வந்தது. சுகந்தி பின்னேரங்களில் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுவா.

ஆவணியில் தம்பி நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன் எங்களையும் எட்டிப்பார்த்தான். கதிரையில் இருந்து சுற்றிப் பார்த்தான். "சின்னனெண்டாலும் வசதியாத்தான் இருக்கு," என்றான். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவன் போன பிறகு இவர் சொன்னார்: "நீர் அவனோட கோவிக்காதையும்." நான் அவன் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

மாசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. எல்லோரும் பயந்த காரியம் நடந்துவிட்டது. நான் பின்வீட்டுக்குள் அவரை எப்படிக் கிடத்துவது, சனம் எங்கே நிற்பது என்று தவித்தேன். சுகந்தி ஒன்றும் கேட்காமல் தன் வீட்டு முன்கதவு இரண்டையும் திறந்து, மண்டபத்துக் கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டா. அவர் அந்த மண்டபத்தில்தான் கிடந்தார். மரியாதையாகக் கிடந்தார். தம்பி லண்டனில் இருந்து செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்து அழுதானாம். சுடலைக்குப் போகிற வழியில் அவனுடைய மாடிவீட்டைத் தாண்டித்தான் கொண்டுபோனார்களாம். கூடப்போனவர்கள் வந்து சொன்னார்கள்.

நான் இப்போதும் அந்த அறையில்தான் இருக்கிறேன். கேட்டதை அம்மாள் தந்துவிட்டா. கேட்காததையும் தந்தா, சுகந்தியைத் தந்தா. உங்களில் யாருக்காவது போக இடமில்லாமல், எல்லாக் கதவும் சாத்தப்பட்டிருந்தால், நயினைக்குப் போங்கள். மாலை இல்லாவிட்டால் பரவாயில்லை. கோபம்தான் இருக்கிறதென்றால் அதைக் கொண்டுபோங்கள். அவ வாங்கிக்கொள்ளுவா.

தம்பியை மன்னிக்கிற மனதைத் தா என்று வெள்ளிக்கிழமைகளில் கேட்கிறேன். அது இன்னும் வரவில்லை. இந்த வெள்ளியும் வள்ளம் ஏறுவேன்.