அவளுக்குத் தெளிவாகக் கேட்டது

எங்கள் வாட்ஸ்அப் குழு சிற்றலை வானொலி கேட்பவர்களுக்கு மட்டும். எந்த நிலையம், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று விதி எழுதியவள் நான்தான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதும் ஒருவர் மட்டும் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் மனைவியை இழுத்துவிடுவார். “அவளுக்கு நல்லா கேட்டுச்சு.” “அவளுக்கு ஒரே இரைச்சல்.” குடும்பக் கதை வேண்டாமென்று மூன்று முறை அழித்தேன்.

ஒருநாள் பதுளையில் என் பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, பையில் வானொலி. நான் பேசும்போது என் உதடுகளையே பார்த்தார். வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் வானொலியைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார்.

“அண்ணே, குரூப்புல வீட்டு விஷயம் எதுக்குங்க?” என்றேன்.

“வீட்டு விஷயம் இல்லைங்க டீச்சர். பெக்டரி மெஷின் பக்கத்துலயே நின்னு எனக்குக் காது போயிருச்சு. ஸ்டேஷன நான் புடிப்பேன், அவதான் கேட்டுச் சொல்லுவா. நான் கேட்டேன்னு எழுதுனா பொய்யில்லீங்களா?”



நேற்று அவருடைய குறிப்பு வந்தது. “அவ கொழுந்தெடுத்துட்டு வந்து அசந்து தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. பொட்டி கையில அதிருது. யாரோ பேசுறாங்க.”

நிலையமும் இல்லை, அலைவரிசையும் இல்லை. உடனே ஒருவர், “டீச்சர், இது விதிக்குள்ள வருமா?” என்று கேட்டிருந்தார்.

“வரும்” என்று எழுதினேன்.